கொடியேறிய பிறகு வைத்த நாய்ப் போட்டி

1986ஆம் ஆண்டு சித்திரை மாதம், யாழ்ப்பாணத்து உடுவிலுக்குக் கிட்ட இருந்த எங்கள் ஊர் வாசிகசாலைக்கு முன்னால், நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட மிருக வைத்தியர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தார், ஊரில் நாய்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் மத்தியானம் வரை ஊசி போட்டுக்கொண்டவை இரண்டே நாய்கள். ஒன்று கிழடு, ஓட முடியாதது. மற்றது சாக்கில் கட்டித் தூக்கிவரப்பட்டது. எங்களூர் நாய்கள் பகலில் கட்டியும் இருட்டினால் அவிழ்த்தும் வளர்க்கப்பட்டவை. கயிற்றைப் பிடித்தால் ஒன்றில் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் நடந்து ஓரிடத்துக்குப் போய்ச் சேரலாம் என்ற எண்ணம் அவற்றுக்கு ஒருபோதும் ஏற்பட்டதில்லை.

வைத்தியர் உடுப்பிட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்:

"மருந்தைத் திருப்பிக் கொண்டுபோறன். முதலிலை நாயைக் கையிலை பிடிச்சு நடத்தப் பழகுங்கோ. பெடி பெட்டையளுக்கு ஒரு போட்டி வையுங்கோ. போட்டியெண்டால் எங்கடை சனம் எதையும் பழகும்."

அடுத்த கிழமை ஒரு புத்தகமும் அனுப்பிவைத்தார். இளம் வயதினர் தங்கள் நாய்களுடன் பங்குபற்றும் கீழ்ப்படிவுப் போட்டிகளை எப்படி நடத்துவது, எப்படிப் புள்ளியிடுவது என்று விளக்கும் ஆங்கிலப் புத்தகம். அதை யார் வாசிப்பது என்ற கேள்வி எழுந்தபோது வாசிகசாலையில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. உத்தியோகம் கிடைக்கவில்லை. வாசிகசாலைச் செயலாளர். கண்ணில் பட்ட எதையும் வாசிப்பவன், மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாள் உட்பட. அத்துடன் ஊரில் நடப்பதைத் திகதி போட்டு எழுதிவைக்கும் வழக்கமும் எனக்கு உண்டு. எந்தக் கிணறு எந்த மாதம் வற்றியது, சந்தி மின்கம்பம் எப்போது சரிந்தது என்பதையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்வேன்.

எனக்கு நாய் பிடிக்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. பத்து வயதில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அதன் பிறகு தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து எதிரே நாய் வந்தால் நான் போகும் ஒழுங்கையை மாற்றிக்கொள்பவன். புத்தகத்தில் வரும் நாய்களுடன் மட்டும் எனக்குப் பகையில்லை.

அந்தப் புத்தகத்தை நான் மூன்று முறை வாசித்தேன். நாயும் ஆளும் இருவருமே புதியவர்களாக இருந்தால் ஒரு பிரிவு. ஆள் பழையவர், நாய் புதிது என்றால் வேறொரு பிரிவு. கயிற்றுடன் செய்பவருக்கு ஒன்று, கயிறில்லாமல் செய்பவருக்கு ஒன்று, முன்பு வென்ற நாய்களுக்கு இன்னொன்று. எங்களூரில் ஒரு நாயும் ஒன்றையும் வென்றதில்லை. ஆகவே வரக்கூடிய எல்லாரும் முதற் பிரிவுக்குள்தான் அடங்குவார்கள் என்பது எந்த மடையனுக்கும் விளங்கும். நான் ஐந்து பிரிவுகளுக்கும் கோடு கீறிப் புள்ளித்தாள் தயாரித்தேன்.

புள்ளியிடும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. பள்ளிக்கூடச் சோதனையில் பூச்சியத்திலிருந்து தொடங்கி ஏறவேண்டும். இங்கே போட்டியாளர் மைதானத்துக்குள் காலடி வைக்கும்போதே இருநூறு புள்ளியும் அவர் கையில். பிறகு பிழைக்குப் பிழை குறைந்துகொண்டு போகும். கயிறு இறுகினால் குறையும், நாய் பின்தங்கினால் குறையும், ஒரு கட்டளையை இரண்டாம் தரம் சொன்னால் நன்றாகவே குறையும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்தால்தான் சித்தியடையலாம். ஒன்றிலே பூச்சியம் என்றால் மற்றதிலெல்லாம் முழுப்புள்ளி எடுத்தும் பயனில்லை. இதை நான் வாசிகசாலையில் விளக்கிக்கொண்டிருந்தபோது, நாள்தோறும் பேப்பர் பார்க்க வரும் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு விளங்கிச்சுது. மாமிமார் மருமோளுக்கு மாக்ஸ் போடுற முறை."

சனிக்கிழமைப் பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பு. ஒன்பது பிள்ளைகள், ஒன்பது நாய்கள், ஒன்பது தும்புக்கயிறுகள். நாய்களில் மூன்றுக்கு ஒரே பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த வாசற் படலையில் நின்று கூப்பிட்டாலும் ஏதாவதொன்று வாலாட்டும் பெயர் அது. நான் ஒரு நீள மரவாங்கின்மேல் ஏறி நின்று கற்பித்தேன். எல்லாரையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று அதற்குக் காரணம் சொன்னேன். பிள்ளைகள் நம்பினார்கள். நாய்கள் நம்பவில்லை.

இடப்பக்கம் சேர்ந்து நடத்தல், இரண்டு ஆட்களைச் சுற்றி எட்டுப் போட்டு நடத்தல், அசையாமல் நிற்க நடுவர் வந்து தொட்டுப்பார்த்தல், தூரத்திலிருந்து கூப்பிட்டதும் நேரே வந்து முன்னால் குந்தி இருத்தல், எல்லா நாய்களும் வரிசையாக இருத்தல், பிறகு வரிசையாகப் படுத்தல். இவ்வளவுதான் பயிற்சிகள். நாய் சரியாகச் செய்தால் உடனே அதை மகிழ்விக்கவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. 'உற்சாகமூட்டுக' என்று நான் அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பிள்ளைகள் அதை நெத்தலிக் கருவாடு என்று விளங்கிக்கொண்டார்கள். காற்சட்டைப் பைகளும் பாவாடை மடிப்புகளும் கருவாட்டு வாசத்தில் மிதந்தன. போட்டியன்று களத்துக்குள் தீனி கொண்டுவரக் கூடாது என்ற விதியை நான் வாரந்தோறும் நினைவூட்டினேன். அதற்கு மேல் கருவாட்டைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஒன்பது பேரில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இது விளையாட்டாக இருக்கவில்லை. பதின்மூன்று வயது, இரட்டைப் பின்னல். அவளுடைய நாய் செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. அது தபால்காரரின் காற்சட்டையை ஒரு முறை கவ்வி முழங்காலுக்குக் கீழே தனியாக்கிவிட்டது. அதன் பிறகு அந்த ஒழுங்கைக் கடிதங்கள் சந்திக் கடையில் விடப்பட்டன. தகப்பன் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்பவர், சொன்ன சொல்லில் நிற்பவர் என்று பெயர் எடுத்தவர். அவர் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதை என்னிடம் வந்து சொன்ன விதத்தில் கண்ணீர் ஒன்றும் இல்லை. வழக்கு விபரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அண்ணை, இவன் பாஸ் பண்ணினால் நிக்கலாமாம். பாஸ் பண்ணாட்டி கொடிகாமத்துக்கு வெங்காயம் ஏத்திற லொறியிலை ஏத்தி, மாமாவின்ரை தென்னங்காணிக்கு அனுப்பிப் போடுவாராம். எத்தினை மாக்ஸ் எடுத்தால் பாஸ்?"

நான் மகிழ்ச்சியுடன் விதியை முழுவதும் விளக்கினேன். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவள் அடுத்த சனிக்கிழமை முதல் எல்லாருக்கும் முன்னதாக வந்து, எல்லாருக்கும் பிந்திப் போகத் தொடங்கினாள்.

போட்டித் திகதியைத் தீர்மானிக்கும் பொறுப்பும் என்னுடையதே. திகதி விஷயத்தில் என்னைவிட்டால் ஊரில் ஆளில்லை என்பது பொது அபிப்பிராயம். என்னுடைய அபிப்பிராயமும் அதுதான். பள்ளிக்கூட விடுமுறை வரவேண்டும், மைதானம் காலியாக இருக்கும். வெங்காயம் கிண்டும் வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த வருடம் நாட்டு நிலைமையில் பொழுதுபட்டால் ஆட்கள் வெளியில் நிற்பதில்லை, ஆகவே காலையில் வைக்கவேண்டும். இப்படிக் கழித்துக்கொண்டு போனதில் மிஞ்சியது ஆவணி மாதம். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருக்கும். அதனாலென்ன என்று நான் பஞ்சாங்கத்தை எடுத்து மஞ்சம், சப்பறம், தேர், தீர்த்தம் என்ற பெரிய திருவிழா நாட்கள் எல்லாவற்றையும் கவனமாக விலக்கி, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவுசெய்தேன். செயற்குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. பஞ்சாங்கத்தைப் பார்த்த கண் அடுப்படியைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் நல்லூரில் கொடியேறினால் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு ஒன்றும் படலைக்குள் வராது. சட்டி பானையைத் தனியாக எடுத்து வைத்து, வீடு கழுவி, திருவிழா முடியும் வரை மரக்கறிதான். இதை நான் அறியாதவனா? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மனிதருக்கு மச்சமில்லாத வீட்டில் நாய்க்கு மட்டும் மீன் தலை எங்கிருந்து வரும் என்பதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. நாய்ச் சோறு என்னுடைய எந்தத் தாளிலும் வரவில்லை.

ஞாயிறு காலை சனம் திரண்டது. வைத்தியர் பிரதம விருந்தினர். புகையிரத நிலைய அதிபர் முன்வரிசையில். செம்மண் நிற நாய்க்காரியின் தகப்பன் வேலியோரம் கைகட்டி நின்றார். நான் வெள்ளைக் காற்சட்டை, மட்டையில் செருகிய புள்ளித்தாள், காதில் பென்சில். நாய்கள் வந்த விதத்தைப் பார்த்தே எனக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒருவித வெறுப்போடு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தன. பிள்ளைகளின் பைகளை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரு பிள்ளை உளுந்து வடை கொண்டு வந்திருந்தது. அதன் நாய் அந்த வடையை வாயில் வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டது.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் சைவப் பிள்ளைகள். ஒன்பதாவது பெடியனுக்குப் பதினேழு வயது, கத்தோலிக்கன். தாய் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்ததால் இங்கே குடியிருந்தார்கள். தகப்பனுக்குக் குருநகரில் கடல் தொழில். பெடியன் சனி இரவு தகப்பனிடம் போய், விடியவே சைக்கிளில் திரும்பி நேராக மைதானத்துக்கு வந்திருந்தான்; நாயைத் தாய் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

சேர்ந்து நடப்பதும் எட்டுப் போடுவதும் ஒருவாறு முடிந்தன. மூன்றாவது, நடுவர் தொட்டுப்பார்ப்பது. வகுப்புகளில் இதை நான் எப்போதும் "நேரமில்லை, அடுத்த கிழமை பாப்பம்" என்று தள்ளி வந்திருந்தேன். இப்போது தள்ள வழியில்லை. கையை எட்டும் மட்டும் நீட்டி, பென்சிலின் பின்பக்கத்தால் முதல் நாயின் நெற்றியைத் தொட்டேன். வைத்தியர் கதிரையில் இருந்தபடியே சொன்னார்:

"தம்பி, நாயைத் தொட்டுப் பாக்கச் சொன்னது. பொட்டு வைக்கச் சொல்லேல்லை."

அதன் பிறகு விரலால் தொட்டேன். ஒன்பது தலைகளையும் தொட்டு முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செம்மண் நிற நாய் மட்டும் நான் தொட்ட இடத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டியது. அதற்கு முழுப்புள்ளி.

நான்காவது, கூப்பிட வருதல். பிள்ளை நாயை இருத்திவிட்டு மைதானத்தின் மறுகரைக்குப் போய்த் திரும்பி நின்று ஒரே ஒரு தரம் கூப்பிட வேண்டும். முதலாவது பிள்ளை கூப்பிட்டாள். நாய் எழும்பியது, மூக்கை உயர்த்தியது, நேரே ஓடிப்போய் வேப்பமரத்தடியில் தன் முறைக்காகக் காத்திருந்த குருநகர்ப் பெடியனின் மடியில் முகத்தைப் புதைத்தது. சனம் சிரித்தது. இரண்டாவது பிள்ளை, அந்த ஒரே பெயருள்ள நாய்களில் ஒன்றைக் கூப்பிட்டான். மூன்றும் எழும்பி ஓடின, மூன்றும் அதே பெடியனிடம். பெடியனைச் சுற்றி வாலாட்டம்.

நான் மட்டையோடு அவனிடம் போய், பாதுகாப்பான தூரத்தில் நின்றேன்.

"களத்துக்குள்ளை தீனி கொண்டு வரப்படாது எண்டு எத்தினை தரம் சொன்னனான். பையுக்குள்ளை என்ன?"

பெடியன் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பு.

"ஒண்டுமில்லை அண்ணை. விடிய அப்பாவோடை நிண்டு மீன் பிரிச்சுப் போட்டு அப்பிடியே வந்தனான். சேட்டு மாத்தினனான். கை மணக்குதாக்கும்."

விதியை அவன் மீறவில்லை. கைக்குப் புள்ளி குறைக்க விதியில்லை. ஆகவே அவனைத் தூர நிறுத்துவதென்று தீர்மானித்தேன். கிழக்குப் பக்கம் நின்றவனை மைதானத்தின் மேற்கு மூலைக்கு அனுப்பினேன். ஆவணி மாதத்தில் சோழகக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்பதைப் பற்றி அதற்கு முந்திய வருடம்தான் வாசிகசாலைக் கையெழுத்துச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தென்மேற்கிலிருந்து வீசும். இதுவரை வேப்பமரத்தடியில் மட்டும் இருந்த குருநகரின் மணத்தை நான் மைதானம் முழுவதற்கும் பரப்பிவிட்டேன்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சியம், பூச்சியம், பூச்சியம். புகையிரத நிலைய அதிபர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"வைரவற்றை வாகனத்துக்கு உவன் சைவத்திலை சோதனை வைச்சிருக்கிறான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனத்துக்கு ஏற்கெனவே விளங்கியிருந்தது.

செம்மண் நிற நாயின் முறை. அந்தப் பிள்ளை அதை இருத்திவிட்டுப் போனாள். திரும்பி நின்றாள். வேலியோரத்தைப் பார்க்கவில்லை. தெளிவான குரலில் ஒரு தரம் கூப்பிட்டாள். நாய் உடனே எழும்பி அவளை நோக்கி ஓடியது. பாதித் தூரம் வரை நானும் பென்சிலைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றேன். பிறகு காற்று வீசியது. நாய் நின்றது, அவளைப் பார்த்தது, மேற்கு மூலையைப் பார்த்தது. அதன் பிறகு ஓடவில்லை. ஏதோ வருத்தத்துடன் நடப்பதைப்போல மெதுவாக நடந்து பெடியனிடம் போய், புத்தகத்திலிருந்த படத்தில் உள்ளபடியே, முன்னங்கால்கள் நேராக, தலை நிமிர்ந்து, அவன் முன்னால் இருந்தது. அன்று முழுவதும் நான் கண்ட மிகச் சரியான இருத்தல் அதுதான்.

"அண்ணை, அவவுக்கு மாக்ஸைக் குடுங்கோ," என்றான் பெடியன். "இது அவவின்ரை நாய்தானே. என்ரை பிழை."

"விதியிலை இடமில்லை," என்றேன் நான். பூச்சியம் போட்டேன். பென்சிலால் இரண்டு தரம் அழுத்திப் போட்டதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

சித்தியடைந்தவன் ஒருவன்தான், அந்தப் பெடியன். முதற்பரிசான டோர்ச் லைற்றை அவன் களவெடுத்தவனைப்போல வாங்கிக்கொண்டான். வேலியோரம் நின்ற தகப்பன் மகளிடம் வந்தார்.

"சரி பிள்ளை. நாளைக்கு லொறி."

அவள் கயிற்றைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள். நாயும் வந்தது. நான் ஓரடி பின்னால் வைத்தேன்.

"அண்ணை, கொடியேறின நாளிலை இருந்து எங்கடை வீட்டிலை மச்சம் இல்லை. இவனுக்குப் பூசணிக்காயும் சோறும். எட்டு வீட்டிலையும் அப்பிடித்தான். இந்தத் திகதியை ஆர் வைச்சது?"

நான் புள்ளித்தாளைப் பார்த்தேன்.

"திகதி வைச்ச ஆளுக்கு எத்தினை மாக்ஸ் குறைக்கிறது?"

புத்தகத்தை மூன்று முறை வாசித்தவன் நான். அதற்கு அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை. வைத்தியர் சிரித்து முடித்துவிட்டு, திருவிழா முடிந்த பிறகு போட்டியை இன்னொரு முறை வைக்கலாம், தானே புள்ளி போடுகிறேன் என்றார். எல்லாரும் சம்மதித்தார்கள். ஆனால் தகப்பன் அதற்குள் படலையைத் தாண்டிப் போய்விட்டார். போட்டி மூன்று கிழமை தள்ளி, லொறி மறுநாள் காலை.

அன்று பின்னேரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் செருமினேன். உள்ளே நாய் குரைத்தது. பிள்ளை ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் முற்றத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. என்ன, மாக்ஸ் ஏதும் கூடிப்போச்சோ?"

"இல்லை அண்ணை. நாயிலை பிழையில்லை. திகதியிலைதான் பிழை."

"இருக்கலாம். திகதியை லொறியிலை ஏத்தேலாது, தம்பி."

"திருவிழா முடிய இன்னொருக்கா வைக்கிறம். அதுவரைக்கும் விட்டு வையுங்கோ."

அவர் ஒரு கட்டை முடிந்து பக்கத்தில் வைத்தார்.

"அதுவரைக்கும் தபால்காரன் இந்த ஒழுங்கைக்குள்ளை கால் வைக்க மாட்டான். என்ரை தம்பியார் கனடாவிலை இருந்து போட்ட கடுதாசி அந்தக் கடையிலை மாமூட்டைக்குள்ளை கிடந்து ஊரெல்லாம் வாசிச்சு முடிஞ்சுது. உம்மடை வீட்டுக்குத் தபால்காரன் வாறவனோ?"

"எங்களுக்கு ஒருத்தரும் கடிதம் போடுறேல்லை."

"அப்ப சரி. நீர் கொண்டுபோய் வைச்சிரும்."

நான் எதற்காக வந்தேனோ அது கிடைத்துவிட்டது. மறுத்துச் சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பிள்ளை கயிற்றை என் கையில் வைத்துவிட்டாள். ஒழுங்கை நீளத்துக்கு நானும் நாயும் கயிற்றின் இரு முனைகளில், எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நடந்தோம். யார் யாரைக் கொண்டுபோகிறார் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வாசலில் நின்ற அம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நாயைக் கண்டு ஓடின பிள்ளை நாயைக் கூட்டிக்கொண்டு வருது. அரசாங்க உத்தியோகம் கேட்டன், முருகன் இதைத் தந்திருக்கிறான்."

கொய்யா மரத்தில் கட்டினோம். முதல் நாள் சோற்றுத் தட்டை முற்றம் கூட்டும் தும்புத்தடியால் தள்ளிவிட்டேன். அது சோற்றை விட்டுவிட்டுத் தும்புத்தடியை ஆர்வத்துடன் பார்த்தது. சில நாட்களில் தடியின் நுனியை விட்டு, நடுவில் பிடித்துத் தள்ளினேன். பிறகொரு நாள் தடியை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோய்க் கையாலேயே வைத்திருக்கிறேன். அது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. ஊர்க் கிணறு வற்றிய மாதமெல்லாம் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை.

பின்னேரங்களில் பிள்ளை வந்து முற்றத்தில் பழக்கினாள். கருவாடு இல்லாதபடியால் குரலாலும் கையாலும்தான். 'உற்சாகமூட்டுக' என்று நான் எழுதியதை முதன்முதலாக ஒருவர் அப்படியே பின்பற்றினார். கூப்பிடும் பயிற்சிக்கு எதிர்ப்பக்கம் ஆள் வேண்டுமென்பதால் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் போன பிறகு நான் கொய்யா மரத்தடியில் கதிரை போட்டுப் பேப்பர் வாசிப்பது வழக்கமாயிற்று. எல்லாவற்றையும் நாய்க்குக் கேட்கச் சத்தமாக வாசிக்கவில்லை. நல்ல செய்திகள் வந்தால் மட்டும் வாசித்தேன், அந்த வருடம் அவை அதிகமில்லை. அதன் மடிந்த காதை விரலால் நிமிர்த்திப் பார்ப்பேன். விட்டதும் மடியும். தபால்காரர் எங்கள் படலைக்கு ஒரு நாளும் வரவில்லை. நேர்முகத் தேர்வுக் கடிதத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு, அவர் வராதது அந்த மூன்று கிழமையும் நாயை நினைத்து ஆறுதலாக இருந்தது.

திருவிழாவின் கடைசிச் சடங்கான வைரவர் மடையும் முடிந்து, அடுத்த ஞாயிறு மறுபோட்டி. வீடுகளில் சட்டிகள் மாறியிருந்தன. மைதானத்துக்கு வந்த நாய்களின் முகங்களிலேயே அது தெரிந்தது. தன் வீட்டில் தங்கியிருந்த நாய்க்கு நடுவர் புள்ளி போடக் கூடாது என்று புத்தகத்தில் தெளிவாக ஒரு விதி இருந்தது. அந்த ஒரு தடவை புத்தகம் என்னைக் காப்பாற்றியது. வைத்தியர் மட்டையை வாங்கிக்கொண்டு, எட்டுப் போடும் பயிற்சிக்கு இரண்டு கம்பங்கள் வேண்டும், அதில் ஒன்றாக நில்லும் என்று என்னை அனுப்பினார். மற்றக் கம்பம் குருநகர்ப் பெடியன். அன்று அவன் சவர்க்காரம் மணக்க வந்திருந்தான்.

செம்மண் நிற நாய் பிள்ளையின் இடது காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. என்னை ஒரு சுற்று, அவனை ஒரு சுற்று, மறுபடி என்னை ஒரு சுற்று. மூன்று கிழமை சோறு போட்ட கை அதன் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கவனம் சிதறியதாகப் புள்ளி குறைந்திருக்கும். நன்றாகப் பழக்கப்பட்ட நாய். அதை நான் முழு மனதுடன் பாராட்டியிருக்க வேண்டும்.

கூப்பிடும் பயிற்சி வந்தபோது நான் வேண்டுமென்றே பள்ளிக்கூட ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். மீன் மணம் என்னிடமில்லை, என்றாலும் ஒருவேளை அது என்னிடம் வந்துவிட்டால் பிள்ளையின் கதி என்ன என்று பயமாக இருந்தது. ஓலை இடுக்கால் பார்த்தேன். அவள் கூப்பிட்டாள். நாய் இடமும் வலமும் பார்க்காமல் ஓடிப்போய் அவள் முன்னால் இருந்தது. சற்றுக் கோணலான இருத்தல். வைத்தியர் அதற்கு ஏதோ கொஞ்சம் குறைத்தார். நான் பயந்தது நடக்கவில்லை. நடக்காததில் எனக்குச் சந்தோஷம் வருமென்று பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

ஏழு பேர் சித்தி. வைத்தியர் அங்கேயே பெட்டியைத் திறந்து ஊசி போடத் தொடங்கினார். போட்டியில் இல்லாத நாய்களையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். செம்மண் நிற நாய்க்காரியின் தகப்பன் புள்ளித்தாளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்து, கூட்டலையும் ஒரு தரம் சரிபார்த்தார்.

"சரி. நிக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"தபால்காரனோடை நீர்தான் கதைக்கவேணும், தம்பி. இந்தத் தாளைக் காட்டும்."

பிள்ளை சைக்கிளில் ஏறினாள். நாய் இடப்பக்கம், வேலியோரமாக, கயிறு தளர்ந்தபடி ஓடியது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது அவள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நாய் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அடுப்படியிலிருந்து மீன் குழம்பு மணம் முற்றம் வரை வந்தது. கொய்யா மரத்தடியைப் பார்த்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தார்.

"எங்கை அது?"

"பாஸ் பண்ணீட்டுது. அவை கொண்டு போட்டினம்."

"பின்னேரமெண்டாலும் கொண்டந்து காட்டச் சொல்லியிருக்கலாமே." அடுப்படிக்குள் போய் ஒரு சட்டியின் மூடியைத் திறந்தார். "விடியச் சந்தையிலை பெரிய விளைமீன் தலை ஒண்டு வாங்கினனான். அதுக்கெண்டு புறிம்பா அவிச்சு வைச்சிருக்கிறன். மூண்டு கிழமையா வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டமெண்டு."

"இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறது. இரு, சாப்பிடு."

மீன் தலையை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். நாய்க்கென்று அவித்தது, உப்புமில்லை, தூளுமில்லை, புளியுமில்லை. குழம்பு வேண்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். கண்ணையும் விடாமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.